வசனகர்த்தாவின் பெயர்: ஹாலிவுட்டும் ராபின்சன் பூங்காவும்

1

1949 செப்டம்பர் 17-ஆம் தேதி திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. மறுநாள் இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், அதன் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. கட்சி வரலாற்றை எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்லுவாங்க. அதே ஆண்டில் அந்த மேடையில் நின்று பேசியவர் எழுதிய இரண்டு படங்கள், ‘நல்லதம்பி’யும் ‘வேலைக்காரி’யும், திரைக்கு வந்ததையும் சொல்லுவாங்க. ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்து, ‘இது ஒரு திரைக்கதை எழுத்தாளரின் வரலாறு’ என்று வாசிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம் இல்லை. கட்சியின் வரலாறாக வாசிக்கிறோம், இல்லாவிட்டால் நட்சத்திரங்களின் வரலாறாக. எழுதிக் கூலி வாங்கின ஆளின் வரலாறாக வாசிப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கூலியிலிருந்து தொடங்குகிறது. கூலி என்கிற சொல்லை இழிவாகச் சொல்லவில்லை. ராபின்சன் பூங்காவைச் சுற்றி இருந்தது துறைமுகம், ரயில்வே, அச்சகம், மீன்பிடி குப்பம். வடக்கே திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை. பின்னால் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று பட்டியல் நீண்டது. கூலி என்பது அந்த மண்ணில் அன்றாடச் சொல். யார் வேலை செய்தார், யாருக்குப் பேர், யாருக்குக் காசு என்கிற கேள்வி கேட்டுக்கு வெளியே தினமும் கேட்கப்படும் கேள்வி. அதே கேள்வியை ஸ்டூடியோ கேட்டுக்கு வெளியே நின்று நாம் ஏன் கேட்கக் கூடாது?

2

‘நல்லதம்பி’ எங்கிருந்து வந்தது? லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை போய் 1947-இல் விடுதலையான என்.எஸ். கிருஷ்ணன் தயாரித்து நடித்த படம், இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, எழுத்து அண்ணாதுரை. அதன் மூலக் கதை 1936-இல் வந்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்கிற அமெரிக்கப் படம். சின்ன ஊரில் வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு எதிர்பாராமல் பெரிய சொத்து வந்துசேர்கிறது. நியூயார்க்குக்குக் கூட்டிப் போகிறார்கள். நிலமிழந்த விவசாயிகளுக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கப் போகிறேன் என்று அவன் சொன்னதும், ‘இவனுக்குப் பைத்தியம்’ என்று கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். பெரும் பொருளாதார மந்தத்தின் கதை அது. இங்கே வரும்போது அது ஜமீன் ஒழிப்பின் கதையாகவும் மதுவிலக்கின் கதையாகவும் மாறியது. நந்தனார் கதையைத் திருப்பிப் போட்ட ‘கிந்தனார்’ காலட்சேபமும் அதற்குள் வந்து உட்கார்ந்தது. படிக்கப் போகும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் சிதம்பரத்துக்குப் போகவில்லை, பட்டணத்துக்குப் போகிறான். தழுவல் என்பது நகல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அந்த அமெரிக்கப் படத்தை யார் படம் என்று கேட்டால் உலகமே ‘ஃபிராங்க் காப்ரா படம்’ என்று சொல்லும். எழுதியவர் ராபர்ட் ரிஸ்கின். 1897-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934-இல் வந்த ‘இட் ஹேப்பண்டு ஒன் நைட்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார். ‘லாஸ்ட் ஹொரைசன்’, ‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’, ‘மீட் ஜான் டோ’ என்று காப்ராவின் புகழ்பெற்ற படங்களில் பலவும் அவர் எழுதியவை. சாதாரண மனுஷன் பணக்காரக் கூட்டத்துக்கு முன்னால் நின்று நியாயம் பேசுகிற அந்தக் குரல் இருக்கிறதே, அதை ‘காப்ரா முத்திரை’ என்றுதான் விமர்சகர்கள் எழுதினார்கள். ஹாலிவுட்டில் ஒரு கதை சொல்வதுண்டு. நடந்ததோ, யாராவது கட்டினதோ. ரிஸ்கின் ஒருநாள் வெற்றுத்தாள் கட்டு ஒன்றைக் காப்ராவின் மேசையில் போட்டு, ‘எங்கே, இதுமேல உன் முத்திரையைப் போடு பார்க்கலாம்’ என்றாராம். பொய்க்கதையாகவே இருந்தாலும் எழுத்தாளர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டதில் ஒரு உண்மை இருக்கு. ரிஸ்கின் 1950-இல் பக்கவாதத்தில் விழுந்தார், 1955-இல் இறந்தார். காப்ரா 1971-இல் தன் வரலாற்றை எழுதினபோது அதற்கு வைத்த தலைப்பு ‘தலைப்புக்கு மேலே என் பெயர்’ என்னும் பொருளுடையது.

ரோலான் பார்த் 1960களின் கடைசியில் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். அது நமக்கெல்லாம் பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் ஸ்டூடியோவுக்குள் ஆசிரியன் சாகவில்லை, பிறக்கவே விடவில்லை. பிரதி எழுதினவனிடமிருந்து பிரதியைப் பிரிப்பது அங்கே தத்துவம் அல்ல, ஒப்பந்தத்தின் ஷரத்து. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுக் கோட்பாடு பேசினால் அது முதலாளிக்குத்தான் வசதி.

3

ஹாலிவுட் ஸ்டூடியோ ஒரு தொழிற்சாலை. எழுத்தாளர்களுக்கு வாரச் சம்பளம். ஒரே கதையை ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கும் கொடுத்து எழுதச் சொல்வார்கள். படத்தில் யார் பெயர் வரும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்வார். எழுதாத மைத்துனன் பெயரும் வரலாம். 1933-இல் திரை எழுத்தாளர் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவர் ஜான் ஹோவார்டு லாசன். ஸ்டூடியோக்கள் போட்டிச் சங்கம் ஒன்றை வளர்த்து அதை உடைக்கப் பார்த்தன. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டிய கதை இல்லை. கடைசியில் 1940களின் தொடக்கத்தில்தான் முதல் ஒப்பந்தம் கைக்கு வந்தது. அதன் முக்கியமான வெற்றி சம்பளம் மட்டுமல்ல. யார் எழுதினார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முதலாளியிடமிருந்து எழுத்தாளர்களின் சங்கத்துக்கு மாறியது. பெயர் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக ஆனது.

அந்தச் சங்கத்தின் முதுகெலும்பை முறித்தது 1947. அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால் நின்று பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள். லாசன், டால்டன் டிரம்போ எல்லோரும் சிறைக்குப் போனார்கள். வேலை மறுக்கப்பட்டது. ஆனால் இதைக் கவனியுங்க: எழுத்து மறுக்கப்படவில்லை, பெயர்தான் மறுக்கப்பட்டது. டிரம்போவின் ‘ரோமன் ஹாலிடே’ 1953-இல் நண்பர் ஒருவர் பெயரில் வந்து ஆஸ்கார் வாங்கியது. 1956-இல் வந்த ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்கு ‘ராபர்ட் ரிச்’ என்கிற, உலகத்தில் இல்லாத ஆளுக்குப் பரிசு அறிவித்தார்கள். குறைந்த கூலிக்கு, பெயரில்லாமல், உயர்ந்த எழுத்து. முதலாளிக்கு இதைவிடக் கொள்ளை லாபம் வேறென்ன? 1960-இல் ‘எக்சோடஸ்’, ‘ஸ்பார்ட்டகஸ்’ படங்களில்தான் டிரம்போவின் பெயர் திரும்பி வந்தது. ‘ரோமன் ஹாலிடே’க்கான ஆஸ்கார் 1993-இல் அவர் பெயருக்கு வந்தபோது அவர் செத்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

4

இங்கே கதை தலைகீழ் என்று தோன்றும். ஹாலிவுட்டில் எழுத்தாளன் கண்ணுக்குத் தெரியாதவன். தமிழில் அவன் முதலமைச்சர். ‘பராசக்தி’ 1952-இல் வந்தபோது சுவரொட்டியில் வசனகர்த்தாவின் பெயருக்குத் தனி மவுசு இருந்தது. வசனப் புத்தகங்கள் தெருவில் விற்றன, இசைத்தட்டுகள் டீக்கடையில் ஓடின. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் நீதிமன்றக் காட்சியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். தடை செய்யச் சொல்லிக் கோரிக்கைகளும் எழுந்தன. 1967-இல் அண்ணாதுரை, 1969-இல் கருணாநிதி. ரிஸ்கினால் கனவிலும் காணமுடியாத வாழ்க்கை.

இந்த வளர்ச்சிக்கு ஒரு அரசியல் காலநிலையும் இருந்தது. 1923 மே தினத்தைச் சிங்காரவேலர் இந்த நகரத்தின் கடற்கரையில்தான் கொண்டாடினார். இருபதுகளிலிருந்து தொழிற்சங்க இயக்கம் வேரோடியிருந்த ஊர் இது. 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் சிறையில், அல்லது தலைமறைவில். வாஷிங்டனில் எழுத்தாளர்கள் விசாரிக்கப்பட்ட அதே பனிப்போர்க் காலம் சென்னை மாகாணத்திலும் வேறு முகத்தோடு நடந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில் வடசென்னைத் தொழிலாளியின் காதுக்கு வந்த புதிய மொழி திரையிலும் மேடையிலும் ஒரே நேரத்தில் ஒலித்த இந்த வசனம். திராவிட இயக்கத்தின் வளர்ச்சியை இதனால் மட்டும் விளக்கிவிட முடியாது. சாதி எதிர்ப்பும் சுயமரியாதையும் அதற்கு முன்பே அந்தத் தெருக்களில் வேலை செய்திருந்தன. ஆனால் மைக்கும் ஒலிப்பட்டையும் சேர்ந்தபோது நடந்தது வேறு. மேடையில் கேட்டதைத் திரையிலும், திரையில் கேட்டதை மேடையிலும் கேட்க முடிந்தது.

ஆனால் இந்தப் பெரும் பெயர்களின் ஆரம்பத்தைப் பாருங்க. 1947-இல் எம்.ஜி.ஆர். முதன்முறை கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’யில் கருணாநிதியின் இடம் உதவியாளரின் இடம். 1948-இல் ‘அபிமன்யு’வுக்கு வசனம் எழுதினார், படத்தில் அவர் பெயர் இல்லை. திரையில் தன் பெயரைப் பார்க்கப் போய் ஏமாந்ததை ‘நெஞ்சுக்கு நீதி’யில் அவரே எழுதியிருக்கிறார். 1950-இல் ‘மந்திரி குமாரி’ வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதை இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்கிற அமெரிக்கர் என்பதும் கவனிக்கத்தக்கது. பெயரை அவருக்குச் சங்கம் வாங்கித் தரவில்லை. அவருடைய கட்சியும், அவருடைய எழுத்துக்குக் கிடைத்த கைதட்டலும் வாங்கித் தந்தன. அதாவது, கைதட்டல் கிடைக்காதவனுக்கு வழி இல்லை.

5

வழி இல்லாதவர்களின் பட்டியல் நீளம். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. அதனாலேயே 1937-இல் ‘அம்பிகாபதி’யில் வசனம் எழுதுகிறவரின் கை ஓங்க முடிந்தது. எழுதியவர் இளங்கோவன், இயற்பெயர் தணிகாசலம், மணிக்கொடியோடு தொடர்புடையவர். ரோமியோ-ஜூலியட் காட்சிகளைக் கேட்டு வாங்கிப் படத்துக்குள் வைத்தார் டங்கன். இளங்கோவன் அதைத் தமிழாக்கினார். 1942-இல் ‘கண்ணகி’. பின்னால் வந்த அடுக்குமொழிக்கெல்லாம் பாதை போட்டவர் அவர்தான். ஆனால் அந்தப் பாதையில் ஊர்வலம் போன பிறகு பாதை போட்டவரை யாரும் தேடவில்லை.

புதுமைப்பித்தன் ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ படங்களுக்கு எழுதினார். சொந்தமாக ஒரு படக் கம்பெனி தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். ‘ராஜமுக்தி’க்காகப் புனே போனார். காசநோய் முற்றித் திரும்பி, 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். ‘ராஜமுக்தி’ அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தது. ஃபாக்னரும் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹாலிவுட்டில் வாரக்கூலிக்கு எழுதியதை நாம் இரக்கத்தோடு வாசிக்கிறோம். நம்முடைய ஆள் அதே தொழிற்சாலையில், அந்த வாரக்கூலிகூட உறுதியில்லாமல் போனதை ‘சினிமா மோகம்’ என்று தள்ளிவிடுகிறோம். மோகமா அது? சிறுகதை எழுதிக் குடும்பம் நடத்த முடியாத நாட்டில் எழுத்து விலைபோகும் ஒரே சந்தை அது.

மூன்றாவது ஆள் விந்தன். நவலூரில் 1916-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. அச்சுக்கோப்பவராக இருந்து, ‘கல்கி’யில் துணையாசிரியரானவர். எழுத்தை ஈயமாகக் கையில் பிடித்துத் தலைகீழாக வாசிக்கப் பழகின கை அது. ‘முல்லைக்கொடியாள்’, ‘பாலும் பாவையும்’ எழுதின பிறகு சினிமாவுக்குப் போனார். 1953-இல் ‘அன்பு’, 1954-இல் ‘கூண்டுக்கிளி’. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் ‘கூண்டுக்கிளி’. அதனாலேயே இன்றும் அதைப் பேசுகிறார்கள். எழுதினது யார் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முழிப்பார்கள். அதே 1954-இல் ‘மனிதன்’ என்று பத்திரிகை நடத்தினார், நிலைக்கவில்லை. கடைசிக் காலத்தில் எம்.ஆர். ராதாவிடம் பேசித் தொகுத்த ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’தான் அவர் பேரைக் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கு. 1975-இல் இறந்தார். அண்ணா-கருணாநிதிக்குப் பின்னால் கட்சி இருந்தது. விந்தனுக்குப் பின்னால் அச்சுக்கூடம்தான் இருந்தது. ஆக, தமிழ் சினிமா எழுத்தாளனைக் கொண்டாடியது என்பது பாதி உண்மை. பேச்சாளனாக இருந்த எழுத்தாளனைக் கொண்டாடியது. வெறும் எழுத்தாளனை ஹாலிவுட் மாதிரியே சக்கையாகப் பிழிந்து போட்டது.

6

இன்னொரு கேள்வி பாக்கி. பெயரும் கூலியும் எழுத்தாளனுடைய பிரச்சினை. பேச்சு யாருடைய பிரச்சினை?

ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்து நின்றவர்கள் வீட்டில் பேசின தமிழ் வேறு. துறைமுகம் மொழிகளைக் கலக்கிற இடம். டச்சுக்காரனின் காசு ‘துட்டு’ ஆனது. உருதுவிலிருந்து ‘நாஷ்டா’வும் ‘பேமானி’யும் வந்தன. சமஸ்கிருதத்து ‘கஸ்மாலம்’ ரிக்‌ஷா ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘இஸ்துகினு’ போனவன் தெலுங்கனோடும் மலையாளியோடும் மூட்டை தூக்கினவன். இந்த மொழிக்கு வசனகர்த்தாவின் தாளில் என்ன இடம்? ஆவேசம் வரும்போது இடமில்லை. நீதி கேட்கும்போது இடமில்லை. அழும்போதுகூட நாயகன் செந்தமிழில்தான் அழுதான். குப்பத்துப் பேச்சு சிரிப்புக்கு மட்டும் வந்தது. 1958-இல் ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராகப் பேசினதைக் கேட்டு ஊரே சிரித்தது. சந்திரபாபு அந்தப் பேச்சை அக்கறையோடு, காது கொடுத்துக் கேட்டுச் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு பேசுகிறவன் கதையின் மையத்தில் நிற்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். 1964-இல் ‘படகோட்டி’யின் மீனவன் கடலைச் சேர்ந்தவன், அவன் பேச்சு கடலைச் சேர்ந்ததில்லை.

இதை ‘துரோகம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடவும் மனசு வரலை. ஒருவன் தன் வாயில் இல்லாத மொழியை மனப்பாடம் செய்து உரக்கச் சொல்லும்போது அவனுக்கு ஒரு உயரம் கிடைக்கிறது. புலவர்களுக்கும் மேல்சாதிக்கும் சொந்தமாயிருந்த தமிழ் மூட்டை தூக்குகிறவன் வாயில் வந்தது சின்ன விஷயமில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் ‘பராசக்தி’யையும் எம்.ஜி.ஆர். பிம்பத்தையும் பற்றி எழுதினபோது இந்த இரட்டைத்தன்மையை நம் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அடித்தள மக்களின் ஆசையை எடுத்துக்கொண்டுதான் அந்தப் பிம்பம் கட்டப்பட்டது. எடுத்துக்கொண்டது திரும்பி வந்ததா என்பதே கேள்வி. வசனம் கொடுத்த உயரத்துக்கு விலையாகத் தன் பேச்சைக் கேலிப்பொருளாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வேறு வழியைத் தேடினவர்களும் இருந்தார்கள். 1960-இல், டிரம்போவின் பெயர் திரும்பி வந்த அதே ஆண்டில், ‘பாதை தெரியுது பார்’ வந்தது. ‘சின்னமூல்’ எடுத்த வங்காளி நிமாய் கோஷ் இயக்கியது. எழுத்து ஆர்.கே. கண்ணன், இசை எம்.பி. சீனிவாசன், நாயகன் பொன்மலை ரயில்வேத் தொழிலாளியாக இருந்த கே. விஜயன். இடதுசாரி நண்பர்கள் காசு சேர்த்து எடுத்த படம். பரிசு வந்தது, தியேட்டர் வரவில்லை. ஆனால் நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்நின்றார்கள். படம் தோற்றாலும் சங்கம் நின்றது. 1965-இல் ஜெயகாந்தன் ‘உன்னைப் போல் ஒருவன்’ எடுத்தார். சென்னைச் சேரியின் பேச்சு சிரிப்புக்காக இல்லாமல், வலிக்காகத் திரையில் கேட்டது. தேசிய அளவில் பரிசும் வாங்கியது. கதை, வசனம், இயக்கம் எல்லாம் ஒரே ஆள். பெயரைப் பிடுங்க முடியாதபடி எல்லா வேலையையும் தானே செய்வது ஒரு தற்காப்பு முறை. எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

7

கருணாநிதி 1989-லும் 1991-லும் துறைமுகம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வசனகர்த்தா துறைமுகத்தின் பிரதிநிதியானார். பிரதிநிதித்துவம் என்கிற சொல்லின் இரண்டு அர்த்தங்களும், அதாவது ஒருவருக்காகப் பேசுவதும் ஒருவரைச் சித்திரிப்பதும், இங்கே ஒரே ஆளிடம் சந்தித்தன. துறைமுகத்தின் பேச்சு திரையின் மையத்துக்கு வர மேலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின. 2014-இல் ‘மெட்ராஸ்’, 2018-இல் ‘வடசென்னை’, 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’. கடைசிப் படம் நமக்கு முக்கியம். ராபின்சன் பூங்காவில் பிறந்த கட்சியின் ஆட்சி 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்ட காலத்தை, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு குத்துச்சண்டைக்காரனை வைத்துச் சொல்கிறது. பா. ரஞ்சித்தோடு சேர்ந்து எழுதியவர் ‘பேட்டை’ நாவல் எழுதின தமிழ்ப்பிரபா. கோபமும் காதலும் தோல்வியும் எல்லாமே அந்த மண்ணின் பேச்சிலேயே வருது. யாரும் சிரிக்கலை. அந்த மக்களைப் பற்றி எழுதுவதிலிருந்து அந்த மக்களுக்குள்ளிருந்து எழுதுவதற்கு எழுபது வருஷம் பிடிச்சிருக்கு.

பேச்சு வந்துவிட்டது, சரி. பெயரும் கூலியும்? 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் ஒன்று சொல்கிறது: படத்துக்காக எழுதப்பட்ட எழுத்துக்கு, தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது, எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு, அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இது பாட்டு எழுதுபவருக்கு மட்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். திரைக்கதை எழுதுகிறவருக்கும் பொருந்தும். படங்கள் தியேட்டரை விட்டுக் கைபேசிக்கு வந்துவிட்ட காலத்தில் இந்த ஷரத்துதான் சோறு. அமெரிக்காவில் 2023-இல் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது, இணையத் திரையில் ஓடும் படத்துக்கான பங்குக்கும், எழுத்தாளன் இடத்தில் இயந்திரத்தை உட்கார வைக்கக் கூடாது என்பதற்கும். லாசன் காலத்துச் சண்டைதான், இடம் மாறியிருக்கு.

சிறுபத்திரிகையிலிருந்து சினிமாவுக்குப் போகிறவர்களை நாம் இன்னமும் ‘விலைபோனவர்’ என்றோ ‘ஜெயித்தவர்’ என்றோ இரண்டே வார்த்தையில் பேசுகிறோம். இரண்டுமே தனிமனிதனின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு. விவாத அறையில் ஆறு மாசம் உட்கார்ந்து சீன் சொல்லிவிட்டு, நன்றி அட்டையில்கூடப் பேர் வராமல் திரும்பும் பையன் காசிமேட்டிலிருந்தும் வருகிறான், தண்டையார்பேட்டையிலிருந்தும் வருகிறான். தன் தெருவின் பேச்சைத்தான் அவன் அங்கே இறக்கி வைத்துவிட்டு வருகிறான். துறைமுகத்தில் இறக்கின மூட்டைக்குக் கணக்கு உண்டு, எண்ணிக்கை உண்டு, சங்கம் உண்டு. இவன் இறக்கினதுக்கும் கணக்கு வேணும்.